மூன்றாம் கேள்வி

இல்லைப் பிள்ளை, பேனையைக் கொஞ்சம் உள்ள வையுங்கோ. ஒப்பம் வைக்கமாட்டன் எண்டு நான் சொல்லேல்லை. வைக்கமுதல் வாசிக்கவேணும் எண்டுதான் சொல்லுறன். வாசிக்காமல் ஒப்பம் வைச்சது என்ர சீவியத்தில இல்லை. அந்தக் கதிரையை இழுத்துப்போட்டு வடிவா இருங்கோ. நகரசபையில இருந்து இதோட மூண்டுதரம் வந்திட்டியள். முதல் ரெண்டு தரமும் நான் சாட்டுச் சொல்லித் திருப்பி அனுப்பினனான். அது முறையில்லை, எனக்குத் தெரியும். தேத்தண்ணியைக் குடியுங்கோ. சீனி போடேல்லை, கிண்ணத்தில கிடக்கு.

ஓம், ரெக்கோட் பண்ணுங்கோ. போன் அதில கிடக்கட்டும்.

முதலாவது இந்த இடம். நகரசபை போடுற இந்தக் கைநூலின்ர பதினாலாம் பக்கம். என்ர கேள்வித்தாளை அச்சடிச்சிருக்கிறியள், நல்லது. இதில உணவு பொருள் எண்டு கிடக்கு. உணவுப் பொருள் எண்டு வரவேணும், இடையில ஒரு ப் மிகும். இல்லையில்லை, உங்கட பிழை இல்லை. நான் அண்டைக்கு எழுதினதை நீங்கள் அப்பிடியே எடுத்துப் போட்டிருக்கிறியள். பிழை இந்த விக்னராஜாவின்ர பிழைதான். அதைப் பிடிச்ச ஆள் வேற ஒருவர். அவரிட்டப் பிறகு வாறன்.

நான் எட்டாம் வகுப்போட பள்ளிக்கூடத்தை விட்டவன், பிள்ளை. மிச்சத் தமிழ் முழுக்க நானாகப் படிச்சது. இஞ்ச வந்து இருபத்தொரு வருசம் கோழி வெட்டுற தொழிற்சாலையில நிண்டனான். மத்தியானச் சாப்பாட்டு நேரம் இலக்கணப் புத்தகத்தை மடியில வைச்சு வாசிக்கிறனான். கையில கோழி மணக்கும், எண்டாலும் வாசிப்பன். பேந்து கோயில் மலர், கலியாண அழைப்பிதழ், செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டி நோட்டீஸ், எது எழுதுறதெண்டாலும் இந்தப் பக்கத்துச் சனம் என்னட்டத்தான் வரும். அதில எனக்கு ஒரு இது இருந்தது. பெருமை எண்டே சொல்லுவம், ஒளிப்பானேன்.

மயூராவை உங்களுக்குத் தெரியும்தானே, ஆஸ்பத்திரித் தாதி. இந்த ஏற்பாடு முழுக்க அவவின்ர மூளை. ரெண்டாயிரத்து இருபதாம் ஆண்டு, கொரோனா வந்த மார்ச் மாதமே அவ சொல்லிப்போட்டா. ஆரும் வந்து எங்களைப் பாப்பினம் எண்டு இருக்க ஏலாது, அறிவித்தல் தமிழில வந்து சேரமுதல் சட்டம் மாறிப்போகுது. எங்கட ஆக்களில பாதிப்பேர் விசா இழுபறியில கிடக்கினம், அரசாங்கம் வைத்தியச் செலவு பாக்கிற மெடிகெயர் இல்லை, ஆஸ்பத்திரி எண்டாலே பில்லை நினைச்சு நோயை ஒளிப்பினம். ஆகையினாலே நாளுக்கு ஒருதரம் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் நாங்களே தட்டவேணும், ரெலிபோனால தட்டவேணும் எண்டா. அறுபத்திநாலு வீடு. எட்டுப்பேர். ஆளுக்கு எட்டு வீடு. காலமை பத்து மணி.

அவவின்ர கராஜைப் பாத்திருக்கவேணும் நீங்கள். அரிசி, பருப்பு, பரசிற்றமோல், விரலில மாட்டி ஒட்சிசன் பாக்கிற சின்ன மெசின் மூண்டு. அஞ்சு கிலோமீற்றருக்கு அங்கால போகக்கூடாது எண்டு சட்டம் வந்த நேரம், இஞ்ச டண்டினோங்கில இருந்து நகரத்துக்கு அந்தப் பக்கம் கிடக்கிற பொயிண்ட் குக்குக்கு ஒரு பை போறதெண்டால் ஆறு கார் மாறும். பெற்றோல் செட்டடியில ஒருவர் வைச்சிட்டுப் போவார், மற்றவர் வந்து எடுப்பார். கடத்தல்காரர் கெட்டார் போங்கோ. சிறி எண்டு ஒரு பெடியன், அவன் ஒருநாள் ஆரின்ரயோ பையை மாறித் தூக்கிக்கொண்டு போய், ஒரு வெள்ளைக்காரக் கிழவியின்ர பூனைச் சாப்பாடு பொயிண்ட் குக்கில போய் இறங்கினது.

ஓம், சிரிப்புத்தான். சிரிச்சுச் சிரிச்சுத்தான் செய்தம்.

என்ர பங்கு அந்தக் கேள்வித்தாள். மயூரா தன்ர கையெழுத்தில எழுதித்தந்தா. காய்ச்சல் இருக்கோ, இருமல் இருக்கோ, மூச்சுவிடக் கஷ்டமோ, மணம் ருசி தெரியுதோ எண்டு வரிசையா. நான் பாத்தன். இதென்ன சந்தைக் கதை மாதிரிக் கிடக்கு எண்டு நினைச்சன். ஒரு சமூகத்தின்ர பேரால போற தாள் ஒழுங்கான நடையில போகவேணும். எல்லாத்தையும் சுருக்கி மூண்டு கேள்வி ஆக்கினன். சாமானுக்கு ஒண்டு. மருந்துக்கு ஒண்டு. மூண்டாவது, இந்தா வாசியுங்கோ: தங்கள் இல்லத்தில் எவருக்கேனும் வருத்தம் உண்டா? உண்டு எண்டால் தாளைத் திருப்பிப் பின்பக்கத்தை வாசிச்சுக் காட்டவேணும். மெசின் அண்டைக்கே வரும், மயூரா பேசுவா, இந்த நோய்க்கு மெடிகெயர் இல்லாதவையிட்டயும் ஆஸ்பத்திரியில காசு எடுக்கமாட்டினம், பயப்பிடவேண்டாம் எண்டெல்லாம் அதில கிடக்கு. இல்லை எண்டால் இல்லை எண்ட பெட்டியில ஒரு புள்ளடி, குறுக்கும் மறுக்கும் ரெண்டு கீறு. அவ்வளவுதான்.

நீங்கள் கோயம்புத்தூர்தானே. உங்களிட்ட ஆரும் வருத்தமோ எண்டு கேட்டால் மனவருத்தம் எண்டுதான் நினைப்பியள். போன கிழமை நீங்கள் வராமல் விட, நான் ரெலிபோனில வருத்தமோ பிள்ளை எண்டு கேட்டனான். ஐயோ அங்கிள், உங்க மேல எனக்கென்ன வருத்தம் எண்டு சொன்னியள், ஞாபகமோ? நான் கேட்டது தடிமன் காய்ச்சலோ எண்டு. எங்களுக்கு வருத்தம் எண்டால் நோய். காய்ச்சலும் வருத்தம், சலரோகமும் வருத்தம்.

தெரியும், தெரியும். அதைத்தான் பதினைஞ்சாம் பக்கத்தில பெட்டி கட்டிப் போட்டிருக்கிறியள். வாசிச்சிட்டன். நேற்று நாலுதரம் வாசிச்சன். பொறுங்கோ, வாறன்.

வரதராஜன். திருநெல்வேலிப் பக்கம், மின்சார வாரியத்தில இருந்து இளைப்பாறினவர். மனைவி காலமாகிப் பத்து வருசம். மகன் சுதர்சன் பொயிண்ட் குக்கில புது வீடு வாங்கினதைப் பாக்க மூண்டு மாத விசாவில வந்தவர், விமானம் நிண்டுபோக இஞ்சயே மாட்டுப்பட்டுப்போனார். ஜூனோட அவற்ற மருத்துவக் காப்புறுதியும் முடிஞ்சுது. மகனும் மருமேளும் வேலைக்குப் போறவை. பகல் முழுக்கத் தனியன். என்ர எட்டு வீட்டில எட்டாவது அவற்ற வீடு. ஏன் கடைசியா வைச்சனான் எண்டால், மற்ற ஏழையும் முடிச்சிட்டுத்தான் அவரோட ஆறுதலாக் கதைக்கலாம். மூண்டு நிமிச ரெலிபோன் கோல். எங்களுக்கு நாப்பது நிமிசம் போகும்.

என்னை அண்ணாச்சி எண்டுதான் கூப்பிடுவார். கதிரை எண்டு ஒருநாள் சொல்லிப்போட்டன், அண்ணாச்சி கதிர் அறுக்கிற இடத்திலயா உக்காருதிய எண்டு பகிடி. நான் விடுவனே, நாற்காலிக்கு நாலு கால் எண்டால் மூண்டு கால் உள்ளதை எப்பிடிச் சொல்லுவியள் எண்டு கேட்டன். முகத்தை நான் ஒருநாளும் கண்டதில்லை. எனக்குச் சிநேகிதர் எண்டு பெரிசா ஆரும் இல்லை, பிள்ளை. தொழிற்சாலையில கோழியோட ஆரு கதைக்கிறது.

ஓகஸ்ட் மாதம், ஒரு திங்கக்கிழமை. மயூரா எல்லா வீட்டுக்கும் போனில அனுப்பின கேள்வித்தாளின்ர முன்பக்கப் படம் தனக்கும் வந்தது எண்டார் வரதராஜன். நல்லா எழுதியிருக்கிய அண்ணாச்சி, ஒரு ப் மட்டும் விட்டுட்டிய எண்டார். அதோட நிண்டிருந்தால் பரவாயில்லை. மூண்டாம் கேள்வியையும் மாத்துங்க எண்டார். இந்தப் பக்கம் பதினொரு வீடு எங்க ஊர்க்காரங்க, வருத்தம்னா மனசு கஷ்டம்னுதான் நினைப்பாங்க, உடம்புக்கு முடியலையான்னு கேளுங்க எண்டார். அவ்வளவும் உண்மை. அவ்வளவும் மரியாதையாத்தான் சொன்னவர்.

எனக்கு ப் எண்டதைப் பிடிச்சதுதான் முதல் குத்து. பள்ளிக்கூடம் போனவன் பள்ளிக்கூடம் போகாதவனுக்குக் காட்டுற இடம் அதுதானே. என்ர தமிழை ஆரும் எனக்குப் படிப்பிக்கவேண்டாம் எண்டு சொன்னன். அவர் என்னமோ சொல்ல வாயெடுக்க, நான் வைச்சிட்டன்.

மயூராவுக்குச் சொல்லேல்லை. தாளையும் மாத்தேல்லை.

செவ்வாயில இருந்தும் நான் அவருக்கு ரெலிபோன் எடுத்தனான், எடுக்காமல் விடேல்லை. ஆனால் முந்தி மாதிரிக் கதையோட கதையாக் கேக்காமல் தாளை வாசிச்சன். வணக்கம், முதலாம் கேள்வி, ரெண்டாம் கேள்வி, மூண்டாம் கேள்வி, நன்றி. அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் மாதிரி. அவரும் இல்லைங்க, இருக்குங்க எண்டு சொல்லிப்போட்டு, எப்பிடி இருக்கிய அண்ணாச்சி எண்டு ஒவ்வொருநாளும் கேட்டவர். நான் நன்றி எண்டுதான் சொன்னனான். ஒரு நிமிசத்தில முடிஞ்சுது. அதுக்குப் பிறகு அந்த நாப்பது நிமிசத்தை என்ன செய்யிறதெண்டு தெரியாமல் குசினிக்குள்ள போய் நிப்பன்.

சனிக்கிழமை எடுத்தன். மூண்டாம் கேள்வியைக் கேட்டன். அவர் வருத்தம் ஒண்ணும் இல்லை எண்டார். நான் புள்ளடி போட்டன். அடுத்தநாள் காலமை மகன் எழும்பி வந்து பாக்க, மனிசன் கட்டில் விளிம்பில இருந்து மூச்சுக்கு அந்தரப்படுறார். அம்புலன்ஸ். ஒன்பது நாள். செத்தவீட்டுக்குப் பத்துப்பேர்தான் எண்டு சட்டம். நான் போனில பாத்தன். முகத்தை அண்டைக்குத்தான் கண்டனான். மீசை வைச்சிருந்தவர். நான் மீசை இல்லாத ஆள் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்.

கதை அப்பிடித்தான் ஊருக்குத் தெரியும். நான் கேட்டது நோயை, அவர் சொன்னது மனவருத்தத்தை. ஒரு சொல்லால வந்த வினை எண்டு மயூரா அடுத்த கிழமையே தாளை மாத்தினா. புதுசாச் சேருற ஆக்களுக்கு இதைத்தான் உதாரணமாச் சொல்லிக் குடுக்கிறா. நீங்களும் பெட்டி கட்டிப் போட்டிருக்கிறியள். அடுத்தமுறை இப்பிடி ஒரு நோய் வந்தால், வெள்ளம் வந்தால், நெருப்பு வந்தால், தமிழுக்குள்ளயே ரெண்டு தமிழ் இருக்கு எண்டு சனம் அறியட்டும் எண்டு. நல்ல பாடம். பிழையெண்டு சொல்லமாட்டன்.

அதுக்குப் பிறகு சுதர்சனை ஒருக்கால் த பேசின் எண்ட இடத்துப் பிள்ளையார் கோயிலில கண்டனான். மாறிப் போவம் எண்டு பாத்தன், பிடிச்சிட்டான். அப்பாவை நாள் தவறாமக் கூப்பிட்டவர் நீங்க ஒருத்தர்தான் அங்கிள் எண்டு என்ர ரெண்டு கையையும் பிடிச்சவன். அந்த வார்த்தை விஷயத்தை நீங்க மனசுல வச்சுக்காதீங்க எண்டு எனக்கு ஆறுதல் வேற. நான் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு, தேங்காய் உடைக்காமலே வீட்டை வந்திட்டன். இண்டுவரைக்கும் அந்தப் பக்கம் போகேல்லை.

இல்லை, இல்லை, நீங்களும் அதைச் சொல்லவேண்டாம். சொல்லாதேங்கோ. ஆறுதல் சொல்லத் தொடங்கினியள் எண்டால் எனக்கு மிச்சத்தைச் சொல்ல ஏலாமல் போயிடும்.

மயூரா பிறகு எல்லாத் தாளையும் திருப்பிக் கேட்டவ. நான் ஒண்டைக் குடுக்கேல்லை, துலைஞ்சுபோச்சு எண்டனான். அந்த மேசை லாச்சியை இழுங்கோ. மேலாலதான் கிடக்கு, ஓம், அதுதான். அந்தச் சனிக்கிழமைத் தாள். எட்டாவது வரியைப் பாருங்கோ. மற்றப் புள்ளடியெல்லாம் மெல்லிசு. எட்டாவதில பேனை தாளைக் கிழிச்சிருக்கு. விளங்காமல் போட்ட புள்ளடி அப்பிடி விழாது, பிள்ளை.

அண்டைக்கு நான் மூண்டாம் கேள்வியை வாசிச்ச உடனை அவர் சிரிச்சார். சிரிப்புக்குள்ள மூச்சு இழுத்தது, கேட்டது. பிறகு கேட்டார், உங்க வருத்தமா அண்ணாச்சி, எங்க வருத்தமா?

நான் தாளில உள்ள வருத்தம் எண்டன்.

பேந்து சொன்னார், எங்க வருத்தம் ஒண்ணும் இல்லை அண்ணாச்சி.

சொல்லிப்போட்டு லைனில நிண்டார். வைக்கேல்லை. மகனுக்குச் சொல்ல மாட்டார், பில்லுக்குப் பயம். ஆரும் கேட்டால்தான் சொல்லுவார், அதுவும் நான் கேட்டால். மற்ற வருத்தத்தை நான் கேப்பன் எண்டு நிண்டார். மூச்சுச் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. உடம்புக்கு முடியலையா எண்டு ஒரு வசனம். அவர் திங்கக்கிழமை சொல்லித்தந்த அதே வசனம். அதைக் கேட்டால் அவர் சொன்னது சரி, என்ர சொல் பிழை எண்டு ஆகிப்போகும். பின்பக்கம் வாசிக்க அரை நிமிசம் காணும். நான் பெட்டியில புள்ளடியைப் போட்டிட்டு, நன்றி, வணக்கம் எண்டு வைச்சன்.

அழாதேங்கோ. தேத்தண்ணி ஆறிப்போச்சு, வேற ஊத்தித் தாறன்.

பேனையை இப்ப வெளியில எடுங்கோ. ஆகையினாலே, பதினைஞ்சாம் பக்கத்தில, பெட்டிக்குள்ள, ரெண்டாம் வரி. கேட்டவருக்கு விளங்காமையால் எண்டு கிடக்கு. அந்தக் கடைசிச் சொல்லை வெட்டிப்போட்டு, விளங்கியும் எண்டு போடுங்கோ. கேட்டவருக்கு விளங்கியும். அவ்வளவுதான், ஒரு சொல்தான். கேட்டவர் எண்டதை எடுத்திட்டு என்ர பேரையும் போடலாம், அது உங்கட விருப்பம்.

மாத்திப்போட்டுக் கொண்டு வாங்கோ, வைக்கிறன் ஒப்பம். பதினாலாம் பக்கத்து ப்பையும் மறந்துபோகாதேங்கோ. அது அவர் பிடிச்சது.