இறங்காமல் போகும் விமானம்

"ஹலோ... ஹலோ, மியூரியல் அம்மாவா? நான் ரொவீனா பேசறேன்... ஆமா, ஆமா, விமானக் கொட்டகையிலேருந்துதான்... இல்லம்மா, இன்னும் கிளம்பல. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்..."

இங்கிலாந்தின் லிங்கன்ஷையரில் அது ஜூன் மாதக் காலை. இரண்டாம் உலகப் போரில் குண்டு வீசப் போய்த் திரும்பாதவர்களின் நினைவாக, மிஞ்சியிருந்த ஒரு லங்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தைப் பழுது பார்த்துப் பறக்க வைத்துக்கொண்டிருந்தது ஒரு தொண்டர் குழு. அதன் தலைமைப் பொறியாளர் ரொவீனா. ஆண்டுக்கு ஒருமுறை அந்த விமானம் மியூரியலின் கணவர் சிரில் பாக்ளிங்டனின் வீட்டுக்கு மேல் தாழப் பறந்து, இறக்கையைச் சாய்த்து மரியாதை செய்துவிட்டுப் போகும். போர்க்காலத்தில் அவர் அந்த வகை விமானங்களுக்கு இன்ஜின்களைச் சரிபார்க்கும் ஃபிட்டராக இருந்தவர்.

"இறக்கையைத் தாங்குற உத்தரத்துல ஒரு கீறல்மா... மயிரிழைதான். ஆனா சாயம் தடவிப் பாத்தா செக்கச்செவேல்னு கோடு தெரியுது... ரெண்டு வருஷம் ஆகலாம். இனிமே பறக்காமலே போனாலும் போகலாம்... அடடா, நாற்காலியெல்லாம் போட்டாச்சா?... பாதிரியார் வேறயா?... திட்டுங்கம்மா, நல்லா திட்டுங்க... சார்கிட்ட குடுங்க, நானே சொல்லிடறேன்."

கிழவர் உடைந்துபோவார் என்று நினைத்து, ஆறுதலாக நாலு வார்த்தை தயார் செய்து வைத்திருந்தாள்.

"சிரில் சார்... மன்னிச்சுக்கணும். இன்னிக்கு எங்களால வர முடியல... என்ன?... என்ன சொன்னீங்க?... 'அப்பாடா'ன்னா சொன்னீங்க?"

ரொவீனா பக்கத்திலிருந்த மரப்பெட்டிமேல் உட்கார்ந்தாள்.

"கேக்குது, கேக்குது... அம்மா தோட்டத்துக்குப் போயிட்டாங்களா?... சரி, சொல்லுங்க... பன்னெண்டு வருஷமாவா?... அந்தச் சத்தமே ஆகாதா?... ஆனா நீங்க கையசைச்சீங்களே சார்! ஒவ்வொரு தடவையும் விமானி எங்ககிட்ட வந்து சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டாரே... ஓ... சரி. ஆரம்பத்துலேருந்து சொல்லுங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். அவள் குறுக்கிடவில்லை.

"ம்... நாப்பத்துநாலு மார்ச்... இடது பக்கத்து உள் இன்ஜின்... குழாய் மூட்டுல கசிஞ்ச ஈரம்... துடைச்சீங்க. இறுக்கினீங்க. ம்... திரும்பவும் ஈரம்... பொழுது சாஞ்சிடுச்சு, மத்த விமானமெல்லாம் ஓடுபாதைக்குப் போயிடுச்சு... 'பறக்கலாம்'னு கையெழுத்துப் போட்டுட்டீங்க... ஏழு பேரா?... ஏழு பேருமே திரும்பலையா?... விடியற வரைக்கும் புல்லுலயே உக்காந்திருந்தீங்களா..."

கொட்டகைக்குள் யாரோ சுத்தியலைப் போட்டார்கள். அவள் கைகாட்டி அடக்கினாள்.

"மியூரியல் அம்மாவுக்குத் தெரியுமா?... ஒருநாளும் சொன்னதில்லையா?... ம்... அந்த ஈரத்தாலதானான்னு கேக்கறீங்க. எனக்குத் தெரியாது சார். எதிரி சுட்டு விழுந்திருக்கலாம். மூடுபனியில வழி தவறியிருக்கலாம்... இல்ல சார், உங்களால இல்லைன்னு சத்தியம் பண்ண மாட்டேன். பண்ணினாலும் நீங்க நம்ப மாட்டீங்க... ஆமா. அதனாலயும் இருக்கலாம்."

ரொவீனா பெட்டியிலிருந்து எழுந்து ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இருக்கீங்களா சார்?... நான் ஒண்ணு சொல்லட்டுமா? நேத்து நானும் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துட்டேன். எல்லாரும் சுத்தி நிக்கறாங்க. 'அது கீறல் இல்ல, சாயம் சரியா துடைக்கல'ங்கறார் ஒருத்தர். எனக்கும் அப்படியே நம்பிடலாம்னு இருந்துச்சு. பாவம், பெரியவர் வாசல்ல காத்துக்கிட்டிருப்பாரேன்னு... ஆமா சார், உங்களை நெனச்சுத்தான்... இல்ல. போடல... போடல சார்... சத்தியமா போடல."

மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் அவள் சொன்னாள்.

"அழாதீங்க... சரி, அழுங்க, பரவால்ல... சரி பண்ணிப் பறந்தாலும் இனிமே உங்க வீட்டுப் பக்கம் வராம பாத்துக்கறேன்... வராம இருக்க வேண்டாமா? ஏன் சார்?... ம்... தூரத்துல சத்தம் கேட்டதும்... அந்த ஏழு பேர்தான் திரும்பி வந்துட்டாங்கன்னு..."

ரொவீனாவின் குரல் தாழ்ந்தது.

"அப்போ அது கையசைச்சது இல்ல... இறங்கச் சொல்லிக் காட்டினீங்க... ஒவ்வொரு வருஷமும் அது இறங்காம போயிடுது."

திடீரென்று மறுமுனையில் அவர் குரல் மாறியது.

"என்னது, கேக்கா?... ஓ, அம்மா வந்துட்டாங்களா?... ஆமா, ஆமா! பாதிரியாருக்குப் பெரிய துண்டா வெட்டிக் குடுங்க... வெயிலா? இங்கயும் நல்ல வெயில்தான்... ம்... போயிட்டாங்களா?... சொல்லுங்க சார்."

அந்த விமானம் இப்போது எங்கே என்று கேட்டார். திரும்பி, திறந்த கதவு வழியே விழுந்த வெயிலில் நின்ற அந்தக் கரிய விமானத்தைப் பார்த்தாள்.

"இங்கதான் சார் இருக்கு... ஆமா, தரையிலதான். மூணு சக்கரமும் தரையில இருக்கு. நாலு இன்ஜினும் ஆறிப்போச்சு... பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவைகூட இந்தப் பக்கம் வந்ததில்லையே நீங்க!... இப்பவேவா?... வாங்க, தாராளமா வாங்க. தொட்டுப் பாருங்க... அம்மாவையும் கூட்டிட்டு வரீங்களா?... வழியிலேயே சொல்லிடறீங்களா... எல்லாத்தையுமா?... சரி சார். சரி... மெதுவா ஓட்டிட்டு வாங்க. அது எங்கயும் போகாது... ஹலோ?... சார்?..."

வைத்துவிட்டிருந்தார்.