ஸ்பூன் செட் பொட்டி

— பொட்டிய நல்லா அமுக்கி வை ஷைனி. சரியா உக்காரல போல.

— உக்காந்துருச்சுப்பா. இதுக்கு மேல அமுக்கினா பலகையே பொளந்துடும். பாரு, லைட்டு எரியல. டிவில பாரு, சிக்னல் இல்லன்னே வந்துகினு இருக்கு.

— மொதல்ல ஊட்ல கரண்டு கீதா?

— தலைக்கு மேல ஃபேன் சுத்துது, அண்ணாந்து பாரு. நீ ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுறதோட நிறுத்திக்க அருணாச்சலம். ரிப்பேர் வேலைக்கு வராத.

— புருசன் பேர முழுசா சொல்லிக் கூப்புடறா பாரு. யம்மா, கேட்டியா உன் மருமவ பேசறத?

— நான் ஏன் நைனா கேக்கப்போறேன்? டிவிய எப்ப வுடுவாங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லு. சீரியல் வர நேரமாச்சு.

— அவ இங்கதான் கீறா, உன் எதிர்க்கயே. நீயே கேளேன்.

— நான் உன்னத்தான் கேட்டேன்.

— அத்தை, கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இந்த லைட்டு எரிஞ்சுட்டா ஒடனே டிவிய குடுத்துடறேன்.

— இன்னா சொல்றா நைனா?

— ஐயோ யம்மா! நம்ம ஊரு பள்ளிப்பட்டுல அடுத்த தெருவுல பூனை கத்தினா உனக்குக் கேக்கும். பக்கத்துல உக்காந்துகினு இருக்கறவ பேசுறது கேக்கலியா?

— நீ சொன்னா கேக்குது.

— எரிஞ்சதும் தர்றாளாம். போதுமா?

— தரட்டும், தரட்டும். ஏன் நைனா, அது இன்னா எழவு, அந்தப் பொட்டிய தூக்கிகினு போறதும், திரும்ப கொண்டாந்து அந்தப் பலகைல சொருவறதும்? சாமி ஊர்வலம் போயிட்டு வர மாரி.

— நீயே சொல்லுடி. எனக்கு ஒழுங்கா சொல்ல வராது.

— அத்தை, கரண்ட் கெட்டில் பாத்திருக்கீங்கல்ல? கெட்டில தூக்கிகினு எங்க வேணா போலாம், டம்ளர்ல ஊத்தலாம். ஆனா கீழ ஒயரோட ஒரு தட்டு இருக்கும், அதுமேல வெச்சாத்தான் சூடாவும். இந்தப் பொட்டி கெட்டில்னு வெச்சுக்கோங்க. டிவி பக்கத்துல இருக்கிற பலகை அந்தத் தட்டு. அதுக்குப் பேரு டாக்.

— பொட்டியில டீ போடுவாளான்னு கேளு நைனா.

— யம்மா, கம்ப்யூட்டர்மா அது! லேப்டாப்பு! அவளே செஞ்சது.

— கம்ப்யூட்டரா? அது பாக்க கல்யாணத்துக்கு வந்த ஸ்பூன் செட்டு பொட்டி மாரி கீது.

— அதேதான் அத்தை. எங்க ஆரம்பாக்கம் சர்ச்சுல எல்லாரும் சேந்து குடுத்தாங்களே, அந்தப் பொட்டிதான். மூடியில ஸ்க்ரீன ஒட்டிட்டேன். கீழ சின்ன கீபோர்டு. அதுக்கு அடியில போர்டும் பேட்டரியும்.

— அதுல இருந்த ஸ்பூனெல்லாம் இன்னாச்சுன்னு கேளு.

— சமையல்கட்டு டப்பாவுல கீதும்மா. ஒண்ணும் தொலஞ்சு போல.

— சரி, மாடில துணி காயுது. நான் போய் எடுத்தாறேன். வரதுக்குள்ள டிவி வரணும்னு சொல்லிடு.

— போயிட்டாங்களா?

— படி ஏறிட்டாங்க. இன்னாடி, மூஞ்சி ஒரு மாரி கீது?

— உனக்குத் தெரியாதா? நாளைக்கு காலைல இத நான் கம்பெனிக்கு எடுத்துனு போவணும்ப்பா. டெஸ்டிங் செக்சன்ல ஒரு எடம் காலியா இருக்கு. மேடம் இன்னா சொன்னாங்க? 'நீ செஞ்சேன்னு எல்லாரும் சொல்றாங்களே, பொட்டியையும் டாக்கையும் எடுத்துனு வந்து என் டேபிள்ல வேலை செஞ்சு காட்டு, மிச்சத்த நான் பாத்துக்கறேன்'ன்னாங்க. வருசக்கணக்கா நின்னுகினே காருக்கு ஒயர் கட்டு கட்டிகினு கீறேன். கால் நரம்பு எப்படி இருக்குன்னு நீயே பாக்குற. அங்க போயிட்டா உக்காந்து வேலை.

— அது தெரியும்டி. டாக் இல்லன்னா இன்னா, பொட்டிய மட்டும் எடுத்துனு போ.

— பொட்டி செத்துக் கெடக்குப்பா. சார்ஜு ஏறுறதே டாக் வழியாத்தான். தனியா ஒரு ஓட்டை வெச்சா மூடி சரியா மூடாதுன்னு நான்தான் வெக்கல. நேத்து ராத்திரி சார்ஜு ஏறட்டும்னு சொருகி வெச்சேன், லைட்ட பாக்காம தூங்கிட்டேன். இப்ப பாத்தா சுத்தமா காலி.

— பேஜாரு புடிச்ச வேலை. உன் கம்ப்யூட்டரு, அந்த பச்ச போர்டு, சீட்டுக்கட்டு சைசுல டிவி பின்னாடி செவனேன்னு ஒட்டிகினு இருந்துச்சு. அத எதுக்கு நோண்டி லேப்டாப் பண்ண?

— எதுக்குப் பண்ணேன்னு நெசமாவே தெரியாதா உனக்கு?

— இன்னாத்துக்கு?

— உங்கம்மாவுக்காகத்தான். அவங்க வந்ததுல இருந்து டிவி அவங்களுது. காலைல பக்தி, மத்தியானம் சமையல், சாயந்தரம் சீரியல். டிவி இல்லன்னா எனக்கு ஸ்க்ரீன் இல்ல. 'அத்தை, கொஞ்சம் நகருங்க, நான் கம்ப்யூட்டர்ல படிக்கணும்'னு சொல்ல எனக்கு வாய் வருமா? கல்யாணம் ஆகி இப்பதான் மொத தடவ நம்ம ஊட்டு வாசப்படி ஏறிக்கீறாங்க. அதான் ரிச்சி ஸ்ட்ரீட் போய் சின்ன ஸ்க்ரீன் வாங்கியாந்து, பேட்டரி வெச்சு, மாடிப்படில உக்காந்து படிக்கிற மாரி பண்ணேன். அவங்க தூங்கினப்புறம் டாக்ல சொருகினா டிவி என்னுது.

— இத நீ சொல்லவே இல்லியே.

— சொன்னா நீ போய் அவங்களாண்ட சண்ட போடுவ. அப்புறம் அவங்க மூட்டைய கட்டுவாங்க.

— அதுவும் சரிதான். அன்னிக்கு சீரியல் நடுவுல நீ தெரியாம சொருகிட்டப்ப எவ்ளோ கோவம் அவங்களுக்கு. கல்யாண மண்டபத்துல தாலி கட்டுற நேரம், சட்டுனு உன் கம்ப்யூட்டர் வந்து நின்னுச்சு.

— அதான் எனக்கு சந்தேகமா இருக்கு.

— இன்னா சந்தேகம்?

— நேத்து காலைல வரைக்கும் இது நல்லா வேலை செஞ்சுது. நான் எங்க கம்பெனி ஆயுத பூஜைக்குப் போயிட்டேன், நீ உங்க கம்பெனி பூஜைக்குப் போயிட்ட. ஊட்ல ஆரு இருந்தது?

— ஏய். எங்கம்மா அப்படியெல்லாம் செய்ய மாட்டாங்க.

— செஞ்சாங்கன்னு சொல்லல. சரியா? கேளு. அவங்களும் நேத்து பூஜ பண்ணாங்கல்ல. வந்து பாத்தேன். மிக்சிக்கு சந்தனம் குங்குமம். கிரைண்டருக்கு. கேஸ் அடுப்புக்கு. உன் வண்டிக்கு. டிவிக்கு. தேங்கா துருவிக்குக் கூட பொட்டுப்பா! என் பொட்டிக்கு மட்டும் இல்ல. இந்தப் பலகைக்கும் இல்ல.

— நீதான் சர்ச்சுக்குப் போறவளாச்சே. உனக்கு எதுக்கு அது?

— வேணும்னு சொல்லல. இல்லன்னு கண்ணுல பட்டுச்சுன்றேன். பொட்டி டேபிள் மேல தனியா கெடந்துச்சு, ஆரோ வெளியாளு வெச்சுட்டுப் போன மாரி.

— சும்மாரு, வராங்க.

— இன்னும் வரலியா டிவி? துணியெல்லாம் மடிச்சே கொண்டாந்துட்டேன்.

— யம்மா, ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத. நேத்து பூஜ பண்ணப்ப எதுக்கெல்லாம் பொட்டு வெச்ச?

— இது இன்னா கேள்வி? நம்ம சாமானுக்கெல்லாம் வெச்சேன்.

— எல்லாத்துக்குமா?

— நம்ம சாமானுக்குத்தான் வெப்பாங்க நைனா. வெளிய ஓனரு மோட்டாரு கீது, அதுக்கு நான் ஏன் வெக்கணும்? பக்கத்து ஊட்டுக்காரன் சைக்கிள நம்ம சொவத்துல சாச்சு வெச்சிக்கீறான், அதுக்கும் வெக்கல. அவங்கவங்க சாமானுக்கு அவங்கவங்க வெச்சுக்கணும்.

— கேட்டியாப்பா? நான் சொன்னேன்ல.

— இன்னா சொன்னா நைனா அவ?

— ஒண்ணும் இல்லம்மா. ஷைனி, அழுவாத. இன்னாடி இது, சின்னப் புள்ள மாரி.

— அழுவல. ஃபோனு டார்ச்ச போடு. பலகைக்குள்ள பாக்கணும்.

— இந்தா. இன்னா பாக்குற?

— இந்தப் பள்ளம் இருக்குல்ல, இதுக்குள்ள வரிசையா முனை இருக்கும், ஊசி மாரி. டிவிக்குப் போறது, சார்ஜுக்குப் போறது எல்லாம் அதுலதான். பொட்டி அடியில இருக்கிற தகடு இத தொட்டாத்தான் வேலை செய்யும். இன்னும் கிட்ட புடி. விரல் வுட்டா இன்னாவோ தடிப்பா படுதுப்பா.

— கரப்பானா?

— ஆண்டவரே, அது இல்ல. காஞ்சு போயிருக்கு. மஞ்சளா… ஒரு நிமிசம். நகத்துல சுரண்டிப் பாக்கறேன். இந்தா, மோந்து பாரு.

— சந்தனம்!

— நடுவுல செவப்பு வேற. குங்குமம். முனை மேலயே அப்பியிருக்கு, கெட்டியா.

— யம்மா…

— இன்னா நைனா?

— இதுக்குள்ள சந்தனம் வெச்சியா? நாளைக்கு இத அவ கம்பெனில காட்டணும். காட்டினா உக்காந்து செய்யுற வேலை கெடைக்கும். கண்ணு முழிச்சு முழிச்சு செஞ்சாம்மா. சீரியல் நின்னுச்சுன்னு கோவம்னா என்னாண்ட சொல்லிருக்கலாமே.

— சீரியலா? சீரியலுக்கு இன்னா நைனா? அது… அது கெட்டுப் போச்சா? சந்தனம் வெச்சா கெட்டுடுமா? மிக்சி ஓடுது, கிரைண்டரு ஓடுது, உன் வண்டி ஓடுது…

— அதுக்கெல்லாம் மேலதானம்மா வெச்ச! இதுக்கு மட்டும் உள்ளார ஏன் வெச்ச? வேணும்னே அடைச்ச மாரி கீது.

— இருப்பா, அவங்கள அதட்டாத. அத்தை, நீங்க உக்காருங்க. கெடல. தொடைச்சா சரியாயிடும்னு நெனைக்கிறேன். ஏங்க, அந்த அலமாரில பழைய டூத்பிரஷ் இருக்கு, பக்கத்துல சின்ன பாட்டில்ல ஸ்பிரிட் இருக்கு. எடுத்தாங்க.

— இப்ப மட்டும் 'ஏங்க'வா?

— எடுத்தாங்கன்னா. மொதல்ல கரண்டு பிளக்க புடுங்குங்க.

— புடுங்கியாச்சு. இந்தா. நாத்தம் புடிச்சிக்கினு கீது இந்த ஸ்பிரிட்டு. ஆஸ்பத்திரி மாரி.

— இதுலதான் கம்பெனில போர்டு தொடைப்போம். டார்ச்ச ஆட்டாத. வருது, வருது. பாரு, கரைஞ்சு வருது. அத்தை எவ்ளோ நல்ல சந்தனம் வெச்சிருக்கீங்க! கடைல விக்கிற பொடி இல்ல, கல்லுல எழச்சது.

— அவளாண்ட சொல்லு நைனா, பள்ளிப்பட்டுல இருந்து கட்டையே கொண்டாந்தேன்.

— கேட்டுச்சு அத்தை. அதான் இவ்ளோ கெட்டியா புடிச்சுக்கிச்சு. இன்னும் ஒரு ஓரம்தான். ஊதுப்பா, ஸ்பிரிட் காயட்டும். ம். இப்ப பிளக்க போடு. பொட்டிய குடு. நேரா எறக்கு, சாய்க்காத.

— டக்குனு உக்காந்துச்சு.

— லைட்டு?

— எரியுதுடி! ஆரஞ்சு கலர்ல எரியுது! சார்ஜு ஏறுது!

— டிவிய பாரு.

— வந்துருச்சு! பெருசா வந்துருச்சு! யம்மா, பாரும்மா, உன் மருமவ கம்ப்யூட்டரு!

— அப்பாடா. ஸ்தோத்திரம். கொஞ்ச நேரம் சார்ஜு ஏறட்டும்… ம், இப்ப நீயே பொட்டிய ஒரு தடவ எடுத்துட்டுத் திரும்ப சொருகு, நாளைக்கு மேடம் முன்னாடி மானம் போவக்கூடாது. ம், எடுத்தா சின்ன ஸ்க்ரீன்ல வருது. வெச்சா டிவில. எடு. வெய்யி. போதும்ப்பா, வெளையாடாத.

— இன்னொரு தடவ. கெட்டில் மாரியே கீதுடி.

— அத்தை, டிவி இப்ப உங்களுது. பொட்டி பாட்டுக்கு சார்ஜு ஏறட்டும், நான் டிவிய சேனலுக்கு மாத்தி வுட்டுடறேன். சீரியல் போடவா?

— சீரியல் வேணாம்னு சொல்லு நைனா.

— யம்மா, அவ கேக்கறால்ல.

— வுடுப்பா. அத்தை, நான் கோவப்படல. நெசமா கோவப்படல. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேக்கறேன், நீங்க உங்க புள்ள மூலமா சொன்னாக் கூட பரவால்ல. மிக்சிக்கு மேல வெச்சீங்க, டிவிக்கு மேல வெச்சீங்க, வண்டிக்கு முன்னாடி பெருசா வெச்சீங்க. இதுக்கு மட்டும் ஏன் உள்ளார, கண்ணுக்கே தெரியாத எடத்துல வெச்சீங்க?

— நீ வேதக்காரப் பொண்ணு ஷைனி. மேல வெச்சா உங்க சர்ச்சுக்காரங்க பாத்து இன்னானா சொல்லுவாங்க, நீயும் எனக்காக தொடைக்காம சங்கடப்பட்டுகினு இருப்பன்னுதான் ஆருக்கும் தெரியாத எடமா பாத்து வெச்சேம்மா… வெக்காம வுட மனசு வரல, அதுவும் நம்ம ஊட்டு சாமான்தானே.