சிவப்பைக் கொஞ்சம் குறைத்தேன்

தக்காளி சிவப்பாக இருக்கலாம். மூக்கு அப்படி இருக்கக் கூடாது. இதை நீயும் ஒப்புக்கொள்வாய். நமக்குக் கல்யாணமான நாளிலிருந்து நான் உன்னிடம் வலியுறுத்திய ஒரே கொள்கை இதுதான்.

உன் தம்பி பெட்டியும் கையுமாக நம் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறான். வேலை போய்விட்டது. நிச்சயமான கல்யாணமும் நின்றுவிடும்போல் இருக்கிறது. "உண்மையைச் சொல்லுங்க, ஸ்டுடியோவுல என்னதான் நடந்துச்சு?" என்று நீ கேட்கிறாய். கட்டிய மனைவியிடம் மறைக்க என்ன இருக்கிறது. நிதானமாகவே சொல்கிறேன்.

எல்லாம் அந்தப் புது மானிட்டர் வந்த பிறகுதான். பழையது கண்ணை மூடிவிட்டதால் முதலாளி பெரிய மானிட்டர் ஒன்றை வாங்கிவந்து என் மேஜையில் வைத்தார். மற்ற திரைகளில் வராத நிறமெல்லாம் இதில் வருமாம். வந்தது. முதல் கல்யாணப் படத்தைத் திறந்தேன். மாப்பிள்ளை கொதிக்கிற எண்ணெயில் விழுந்து எழுந்தவர் மாதிரி இருந்தார். பெண்ணின் உதடு தனியாக எரிந்துகொண்டிருந்தது. பின்னாலிருந்த புல்வெளியைக் கூலிங்கிளாஸ் இல்லாமல் பார்க்க முடியவில்லை.

முதலாளிக்குப் பிடித்துவிட்டது. "கலர் சும்மா அள்ளுதுய்யா!"

அள்ளியதை இறக்கி வைக்கும் பொறுப்பு என்னுடையது. ஒவ்வொரு படத்திலும் சிவப்பைக் கொஞ்சம் குறைத்தேன். பச்சையையும் குறைத்தேன். எல்லாரும் மனிதர்களாகத் தெரியும்வரை குறைத்தேன். ஸ்டுடியோவில் எனக்குக் ‘கழுகுக்கண்’ என்று பெயர். அது சும்மா வந்த பெயரில்லை.

ஆனால் அச்சாகி வந்த ஆல்பங்களில் எல்லாரும் மாவு மூட்டைக்குள்ளிருந்து எழுந்து வந்தவர்கள்போல் இருந்தார்கள். "எங்கப்பா உயிரோடதாங்க இருக்காரு" என்று சொல்லி ஒரு பெண் ஆல்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

பிரிண்டிங் மெஷின் உன் தம்பியின் பொறுப்பு. அதனால் திட்டு அவனுக்கு விழுந்தது. நேராக என்னிடம் வந்தான்.

"மாமா, மெஷின்ல ஒண்ணுமில்ல. நீங்க அனுப்புற படமே வெளுத்துப்போய்தான் வருது. உங்க மானிட்டரைக் கொஞ்சம் பாருங்க."

"என் கண்ணு மேலயே சந்தேகமாடா?"

"கண்ணு மேல இல்ல மாமா, மானிட்டர் மேல."

"ரெண்டும் ஒண்ணுதான், போ."

இருந்தாலும் சர்வீஸ்காரரைப் போனில் கேட்டேன். அவர் சிரித்தார். "அது அப்படித்தான் சார், சாதாரணக் கலரையும் இழுத்துவெச்சுக் காட்டும். மெனுவுல எஸ்ஆர்ஜிபின்னு ஒண்ணு இருக்கும், அதைத் தட்டுங்க. அடங்கிடும்."

தட்டினேன். அடங்கியது. நான் அதுவரை சரிசெய்திருந்த அத்தனை பேரும் திரையில் வெளிறிக் கிடந்தார்கள். கொஞ்ச நேரம் பார்த்தேன். பிறகு பழையபடியே மாற்றி வைத்துவிட்டேன். ஒரு மெனுவை நம்பி ஒரு மனிதன் தன் கண்ணைக் கைவிட முடியாது.

ஆனால் புகார்கள் நிற்க வேண்டுமல்லவா? உன் தம்பி சாப்பிடப் போயிருந்த நேரத்தில் மெஷினில் சிவப்பை ஏற்றி வைத்தேன். நான் குறைத்தது அங்கே கூடியது. காகிதத்தில் எல்லாருக்கும் உயிர் வந்தது. நான் மானிட்டரைச் சரிசெய்துவிட்டதாக நினைத்துக்கொண்டு, "தேங்க்ஸ் மாமா" என்றான் உன் தம்பி. நான் மறுக்கவில்லை. மறுத்திருந்தால் வருத்தப்பட்டிருப்பான்.

என் கைக்கு வராத படங்களைப் பற்றி மட்டும் நான் யோசிக்கவில்லை. அவனுடைய வருங்கால மாமனார் நிச்சயதார்த்தப் படங்களைப் பென்டிரைவில் கொண்டுவந்து நேராக அவன் கையிலேயே கொடுத்தார். பையன் ஆசையோடு, கூடத்தில் மாட்டுகிற அளவுக்குப் பெரிதாகப் போட்டான். மாமனார் வாங்கிப் பார்த்தார்.

"என் பொண்ணை அடுப்புல வெச்சு எடுத்தீங்களா? சொந்த நிச்சயதார்த்தப் படத்தையே ஒழுங்காப் போடத் தெரியல. இவனை நம்பி எப்படிங்க பொண்ணைக் குடுக்கறது?"

முதலாளி மெஷினைச் சோதித்தார். சிவப்பு உச்சியில் நின்றது. "யாருய்யா இதை ஏத்தினது?"

உன் தம்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் சந்தேகமே இல்லை. மாமா காப்பாற்றிவிடுவார் என்ற நம்பிக்கைதான் இருந்தது. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. முதலாளியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சின்னப் பையன் சார், தெரியாமப் பண்ணிட்டான். இந்த ஒரு தடவை விட்டுடுங்க."

விடவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அந்த இடத்தில் அவனுக்காகக் கெஞ்சியவன் நான் ஒருவன்தான். அதை அவன் உன்னிடம் சொன்னானா என்று தெரியவில்லை.

இப்போது மெஷினையும் நானே பார்த்துக்கொள்கிறேன். இரண்டும் ஒரே கையில் இருப்பதால் படங்கள் அருமையாக வருகின்றன. கல்யாணம் மட்டும் நடக்கட்டும், ஆல்பத்தை நானே செய்து தருகிறேன்.

ஆக, சிவப்பை ஏற்றியது நான்தான். பழியையும் நான் ஏற்றினேன் என்று சொன்னால் அது நியாயமில்லை. அது தானாக ஏறிக்கொண்டது.

நீ என்னையே பார்க்கிறாய். முகமெல்லாம் சிவந்து தெரிகிறது. வேறு யாராவது பார்த்தால் கோபம் என்றே நினைத்துவிடுவார்கள். எனக்குக் கண் இருக்கிறது. இந்த அறையின் விளக்குதான் சரியில்லை. நாளை முதல் வேலையாக அதை மாற்றிவிடுகிறேன்.