முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர்

துவக்கு வாங்கப் போகிறவர்கள் செய்கிற முதல் பிழை, பெரிய தோட்டாவைத் தேடுவது. பெரிய தோட்டா தோளை உதைக்கும். இரண்டு தரம் உதை வாங்கியவன் மூன்றாம் தரம் விசையை இழுக்கும்போது கண்ணை மூடிவிடுவான். நடுத்தரத் தோட்டா போதும், அதிலிருந்து பாயும் சன்னம் நீண்டு மெலிந்ததாக இருந்தால் சரி. காற்றில் அது குறைவாகத்தான் விலகும்.

நீங்கள் பிரெஞ்சில் கேட்டீர்கள், ஐயா. நான் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பாளர் நிரஞ்சனி மாற்றித் தருவார். என் பெயர் பரமலிங்கம், வயது ஐம்பத்தொன்பது. வில்லரேயில் வீடு. டோர்வல் விமான நிலையத்தில் பொதி வண்டி ஓட்டுகிறேன். போன நவம்பரில் வேட்டைக்குப் போன இடத்தில் என் மனைவியின் தம்பி கணேசலிங்கம் என் சூட்டில் செத்தான். மானென்று நினைத்து மனிதனைச் சுட்டுவிட்டான் கிழவன் என்று எழுதிப் பொலிஸ் கோப்பை மூடினீர்கள். அந்த வசனம் பிழை. அதைத் திருத்தத்தான் நானாக வந்திருக்கிறேன்.

எங்கள் ஆட்களுக்குப் பங்கு இறைச்சி என்றால் ஒரு முறை இருக்கிறது. ஊரில் ஆட்டுக்கு, இங்கே மானுக்கு. ஈரல், தொடை, எலும்பு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்துச் சமமாகக் கூறு போட வேண்டும். எங்கள் கூட்டத்தில் சுட்டவன் முதல் கூறை எடுப்பான். அதற்கு முந்தின வருசம் மானைச் சுட்டவன் நான். புரோசார்ட்டில் கணேசலிங்கம் வீட்டுக் கராஜில் பத்தொன்பது பேர் பையோடு நின்றார்கள். கூறு போட்டவன் அவன். முதல் கூறைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கழுத்தெலும்பும் சவ்வுமாய்க் கிடந்த கடைசிக் கூறை என்னிடம் தள்ளினான்.

"அத்தான், குறை நினைக்காதையுங்கோ. மான் எண்டு மரக்குத்தியைச் சுட்ட ஆளுக்கு இதுவே கூட. குத்திக்குப் பின்னாலை வந்து நிண்டது மானின்ரை விதி."

கராஜே சிரித்தது. எங்களோடு வேட்டைக்கு வரும் அருமைராசா கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தான். கதவடியில் நின்ற என் மனைவி இந்திராதேவியும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவனைக் கனடாவுக்கு எடுத்தவன் நான். முதல் பனிக்கோட்டு, முதல் வேலை, முதல் துவக்கு, எல்லாம் என் கையால். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்த கதைதான். அந்தப் பகிடி அதன் பிறகு எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. பிறந்தநாள் வீடு, கலியாண வீடு, எங்கே போனாலும் எவனாவது ஒருவன் "அண்ணை, கண்ணாடி கொண்டந்தனியளோ?" என்பான். எனக்குப் பற்றி எரியும். நான் சிரிப்பேன்.

வசந்தத்தில் புதுத் துவக்கு வாங்கினேன். "எவ்வளவு தூரத்துக்கு, மிசியே?" என்று கடைக்காரர் கேட்டார். முந்நூற்றுப் பன்னிரண்டு மீட்டர் என்றேன். ஆட்கள் ஏறக்குறையத்தான் சொல்வார்கள், நீங்கள் அளந்து வந்திருக்கிறீர்கள் என்று சிரித்தார். ஆறரை மில்லிமீட்டர் தோட்டாவை எடுத்து வைத்தார். நல்ல மனிதர், தொழில் தெரிந்தவர். கோடை முழுக்கச் சுடுகழகத்தில் பழகினேன். ஆவணி முடியும்போது முந்நூறு மீட்டரில் ஐந்து சன்னமும் ஒரு வடை அளவுக்குள் விழுந்தன. அதைக் கழகத்துப் பதிவில் பாருங்கள். கண் தெரியாதவன் அப்படிச் சுடுவானா?

அந்த வருசம் வேட்டைக் காலம் கந்தசட்டி விரதத்துக்குள் விழுந்தது. எல்லா வருசமும் விழாது. கோயில் கலண்டரில் நான் தை மாதமே பார்த்திருந்தேன். கணேசலிங்கம் ஆறு நாளும் பாலும் பழமும்தான். ஆனாலும் காட்டுக்கு வராமல் இருக்க மாட்டான். அவன் இல்லாமல் ஒன்றும் நடக்கக் கூடாது. "சுடவும் மாட்டன், தொடவும் மாட்டன். காவல் இருந்து மான் வந்தால் போனிலை சொல்லுவன்," என்றான். இந்திராதேவி தம்பிக்குப் பாலைச் சூடாகப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தாள்.

விரதத்தின் இரண்டாம் நாள், ஞாயிறு. விடிந்து வெளிச்சம் வந்த பிறகு, வாகனத்தடியில் அருமைராசா ஆளுக்கொரு செம்மஞ்சள் சட்டை எடுத்துக் கொடுத்தான். காட்டில் அது சட்டம். துவக்கு இல்லாதவனும் போட வேண்டும். கணேசலிங்கம் தன் சட்டையை விரித்துப் பார்த்துவிட்டு எறிந்தான்.

"சீ! போன வருசத்து மான் இரத்தம் அப்பிடியே காய்ஞ்சு கிடக்குது. விரதகாரன் இதைப் போடுறதோ? ஆர் இதைத் தோய்க்காமல் வைச்சது?"

"அண்ணை, சட்டமல்லோ," என்றான் அருமைராசா.

"முருகன் பாத்துக்கொள்ளுவான்."

மண்ணிறக் கோட்டோடு போய்த் தன் வழமையான இடத்தில் இருந்தான். மின்கம்பி போகிறதற்காக மரம் வெட்டிய வெளி, அந்தக் கரையில் அவன், இந்தக் கரையில் நான். இடையில் எவ்வளவு தூரம் என்று கடைக்காரருக்குத் தெரியும்.

ஒன்பதரைக்கு அழைத்தான். "அத்தான், ஒண்டும் வரேல்லை. அங்காலை குத்தி ஏதும் தெரியுதோ?"

"ஓம், ஒண்டு தெரியுது," என்றேன்.

அவன் சிரித்தது காதில் கேட்டது. போனை மடியில் வைத்தேன். இடப்பக்கமிருந்து மெல்லிய காற்று. அதற்கு வேண்டிய அளவு விலக்கிக் குறி பிடித்தேன். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தினேன். ஒரே சன்னம். அவன் வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தான்.

பிறகு நடந்ததுதான் என்னால் பொறுக்க முடியாதது. முப்பத்தோராம் நாள் அந்திரட்டியன்று அருமைராசா என் தோளைத் தடவி, "பாவம் அண்ணை, கண் செய்த பிழைக்கு நீங்கள் என்ன செய்யிறது?" என்றான். செத்தும் அவன் பகிடிதான் வென்றது. என் தலையில் அடித்தது போல இருந்தது. கழகத்தில் என் பெயரை வெட்டிவிட்டார்கள். இந்திராதேவி என்னை ஒரு நாளும் ஏசவில்லை. "தம்பி அப்பவே சொன்னவன், உங்களுக்குக் கண் மங்குது எண்டு. நான்தான் சிரிச்சுக்கொண்டு நிண்டிட்டன். பிழை என்னிலை," என்று தன் நெஞ்சில் அடித்து அழுதாள். இப்போது மீனில் முள் எடுத்து என் சாப்பாட்டுக் கோப்பையில் வைக்கிறாள். ஐந்து மாதமாக, ஒவ்வொரு முள்ளாக, எனக்குக் கண் தெரியாதென்று.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். வேட்டைச் சட்டைகள் நான்கும் வருசம் முழுக்க என் வீட்டில்தான் இருக்கும். தோய்க்கிறவன் நான். மூன்றைத் தோய்த்து மடித்து வைத்தேன். நான்காவது அவனுடையது, அதைத் தோய்க்கவில்லை. கந்தசட்டி வரட்டும் என்று அப்படியே பையில் கட்டி வைத்தேன். நான் மானைத் தேடவில்லை. மனிதனைத்தான் பார்த்தேன், மனிதனைத்தான் சுட்டேன். நான் ஒன்றும் கொடியவன் இல்லை, உண்மை என்று ஒன்று இருக்கிறதல்லவா, அதற்காகத்தான் வந்தேன்.

நிரஞ்சனி பிள்ளை, ஒரு உதவி. இதை இந்திராதேவிக்கு வாசித்துக் காட்டுவார்கள். அவள் அழுவாள். அழுது முடிய விட்டு, தூரத்தையும் காற்றையும் எழுதிய இடங்களை இன்னொரு தரம் ஆறுதலாக வாசியுங்கள், இனியாவது அவள் எனக்கு முள் எடுத்துத் தரக் கூடாது.