பிரிட்ஜில் இருந்த எட்டு பார்

பேஸ் கித்தார் வாசிக்கிறவனிடம் யாரும் கையெழுத்து கேட்பதில்லை. பதினான்கு வருடங்களில் ஒரே ஒரு பெண் என்னிடம் பேனாவை நீட்டினார். நான் மூடியைத் திறந்து, எங்கே போடவேண்டும் என்று கேட்டேன். அவர் பேனாவோடு தன் கைப்பையையும் என்னிடம் கொடுத்து, கொஞ்சம் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் தம்பியோடு படம் எடுத்துக்கொள்ளப் போனார். நானும் பொறுப்பாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், மேடம், நேற்று உங்கள் தட்டச்சர் என் தொழில் என்ற இடத்தில் ‘கித்தார் வாசிப்பவர்’ என்று அடித்திருந்தார். கித்தார் வாசிப்பவன் என் தம்பி. நான் பேஸ். வாக்குமூலத்திலாவது இந்தக் குழப்பம் வேண்டாம் என்றுதான் தாள் கேட்டு வாங்கி நானே எழுதுகிறேன். ராக் இசை பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்றும் சொன்னீர்கள். அதனால் அடிப்படையிலிருந்து வருகிறேன். சனிக்கிழமைகளில் ஓர் இசைப்பள்ளியில் இதைத்தான் பாடமாக நடத்துகிறேன். போன வாரம் வரை நடத்தினேன்.

ராக் வானத்திலிருந்து குதித்ததல்ல. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ், தேவாலயப் பாட்டு, நாட்டுப்புற வெள்ளையர்களின் கன்ட்ரி இசை எல்லாம் ஒன்றோடொன்று உரசி, சென்ற நூற்றாண்டின் நடுவில் பிறந்தது. பன்னிரண்டு பார், மூன்று கார்டு. ஆரம்பத்தில் அதை வைத்துக்கொண்டே ஒப்பேற்றினார்கள். பார் என்பது நான்கு எண்ணிக்கை கொண்ட ஒரு கட்டம். கார்டு என்பது சேர்ந்து ஒலிக்கும் சில சுரங்கள். ட்ரம்ஸ் இரண்டாவது எண்ணிக்கையிலும் நான்காவதிலும் ஓங்கி அடிக்கும். கால் தானாக ஆடும். அந்தக் காலத்து பேஸ், கீழ்ச்சுரங்களை வாசிக்க ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய மர வாத்தியம். மின்சாரக் கித்தார் வந்து சத்தம் ஏறியதும், பாவம், அது வாசிப்பது யாருக்கும் கேட்கவில்லை. அதற்குப் பிறகுதான் மின்சார பேஸ் கித்தார் பரவியது. நாலு பேருக்குக் கேட்கவேண்டும் என்பதற்காகவே வந்த வாத்தியம். இந்த இடத்தில் மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்து முடிக்கும்வரை காத்திருப்பேன்.

எங்கள் குழுவில் மூன்றே பேர். தம்பி கித்தாரும் வாசித்துப் பாடவும் பாடுவான். ட்ரம்ஸ் வாசிக்கிறவனை மத்தளம் என்று கூப்பிடுவோம். மூன்றாவது நான். முதலில் அண்ணன் தம்பி இருவருமே கித்தார்தான் வாசித்தோம். நான் மூன்று வருடமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்ததை அவன் ஆறே மாதத்தில் கொட்டாவி விட்டபடி வாசித்தான். ஒரு நாள் மத்தளம் சொன்னான், “ரெண்டு பேரும் மேலயே மேஞ்சா கீழ யாரு அண்ணே பாத்துக்கறது? நீங்க பேஸ் எடுத்துக்கங்களேன். நாலு கம்பிதான், சுலபம்.” எடுத்துக்கொண்டேன். பெரியவன் விட்டுக்கொடுத்தான் என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். என்னிடம் விட்டுக்கொடுக்க ஏதோ இருந்ததுபோல அது கேட்பதற்கு நன்றாகத்தான் இருந்தது.

நான் பொறாமைக்காரன் இல்லை. இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். தம்பிக்குக் கைதட்டும்போது நானும் தட்டியிருக்கிறேன், மேடையில் நின்றபடியே. பேஸ் தோளில் தொங்கும்போது கைதட்டுவது லேசான காரியம் அல்ல.

இப்போது பாட்டின் அமைப்பு. வெர்ஸ் என்பது நம் சரணம் மாதிரி, கதை நகரும். கோரஸ் நம் பல்லவி மாதிரி, திரும்பத் திரும்ப வரும். கூட்டம் சேர்ந்து பாடும். இரண்டு முறை இப்படிப் போனதும் கேட்பவருக்கு அலுப்புத் தட்டும். அப்போது புதிதாக ஒரு பகுதி வரும். அதற்குப் பெயர் பிரிட்ஜ். வேறு கார்டுகள், வேறு மனநிலை. அது முடிந்து கடைசிக் கோரஸ் வரும்போது பழைய மெட்டே புதிதாகக் கேட்கும். எங்கள் பாட்டுகளில் நாலு பேர் முணுமுணுக்கிறது ஒன்றுதான். அதை மாடிப்படிப் பாட்டு என்போம். அதன் பிரிட்ஜில் கித்தாரும் ட்ரம்ஸும் நின்றுவிடும்; எட்டு பார் பேஸ் மட்டும் தனியாக நடக்கும். அந்த எட்டு பாரை நான் எழுதினேன். என் வாழ்நாளில் நான் எழுதியது அதுதான். மொத்தமாகப் பதினாறு விநாடி.

பயிற்சி செய்ய எங்களுக்கு ஒரு சலவைக் கடைக்குப் பின்னால் ஷட்டர் போட்ட அறை இருந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தோம். மதியத்தில் துணி உலர்த்தும் இயந்திரங்களின் வெக்கை உள்ளே வரும். அப்படியொரு மதியத்தில், பாட்டைப் பதிவு செய்யப் போவதற்கு முந்தின வாரம், தம்பி கித்தாரின் கம்பியைத் திருகிக்கொண்டே சொன்னான்.

“அண்ணே, அந்த எட்டு பார் இழுக்குது. எடுத்துடலாமா?”

“எடுத்துட்டா?”

“நேரா கோரஸுக்குப் போயிடலாம். இன்னும் விறுவிறுன்னு இருக்கும்.”

மத்தளம் ஒரு குச்சியால் முதுகைச் சொறிந்துகொண்டு, “யாருக்கும் தெரியக்கூடத் தெரியாதுண்ணே” என்றான்.

எடுத்துவிட்டோம். பதிவு வெளியானது. யாருக்கும் தெரியக்கூடத் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு நிகழ்ச்சியில் நானே அந்த இடத்தில் என்ன வரும் என்று ஒரு கணம் மறந்துபோனேன். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேடையில் நாங்கள் வாசிப்பது எங்களுக்கே கேட்கவேண்டும் அல்லவா? அதற்குக் காதுக்குள் பொருத்தும் சிறிய ஒலிக்கருவி இருக்கிறது. யார் காதுக்கு எது எவ்வளவு போகவேண்டும் என்பதைப் பெரிய குழுக்களில் தனி ஆள் கவனிப்பார். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. என் மைக் தாங்கியில் மாட்டிய டேப்லெட்டில் நான்தான் பார்த்துக்கொள்வேன். பேஸ்காரனுக்கு ஒரு கை எப்போதும் சும்மாதான் இருக்கும் என்று தம்பி சொல்வான். தவறு. இரண்டு கையும் வேலை செய்யும். ஆனால் அவன் சொன்னால் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன்.

சத்தம் ஓர் அளவுக்கு மேல் போகாமல் தடுக்க அந்தக் கருவியில் ஒரு பாதுகாப்பு உண்டு. தம்பியின் காதுக்குப் போகும் பாதையில் அதை எடுத்துவிட்டேன். பிறகு வாரத்துக்கு அரை டெசிபெல் கூட்டினேன். அரை டெசிபெல் யாருக்கும் தெரியாது. தெரியக்கூடத் தெரியாது. நாலாயிரம் ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதாவது மேல்சுரங்களில் மட்டும், கொஞ்சம் தாராளமாக வைத்தேன். கித்தார் பளிச்சென்று கேட்கும் இடம் அது. காது முதலில் பழுதாகும் இடமும் அதுதான். இசைப்பள்ளியில் என் வகுப்பறைச் சுவரிலேயே ஒரு படத்தோடு இதை ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு புது வகுப்புக்கும் அதைக் காட்டி, காதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், போனால் வராது என்று சொல்வேன். நல்ல ஆசிரியர் என்று பெயர்.

“இன்னிக்கு கித்தார் சூப்பரா கேக்குதுண்ணே” என்றான் தம்பி. நன்றி வேறு சொன்னான்.

ஏழாவது மாதத்தில், கொஞ்சம் கூட்டி வைக்கும்படி அவனே கேட்க ஆரம்பித்தான். இதைத் தயவுசெய்து கவனியுங்கள். அதற்குப் பிறகு நான் கூட்டிய ஒவ்வொன்றும் அவன் கேட்டுக் கூட்டியதுதான். தம்பி கேட்டு நான் எதையும் இல்லையென்று சொன்னதில்லை. பேஸ் எடுத்ததிலிருந்தே அப்படித்தான்.

ஒரு வருடம் ஆனபோது காதில் யாரோ ஓயாமல் விசிலடிப்பதாகச் சொன்னான். அலைச்சல், தூங்கினால் சரியாகிவிடும் என்றேன். தம்பி மகளுக்கு ஆறு வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். தம்பி ஜன்னலைப் பார்த்தபடி கித்தாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். குழந்தை அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மூன்று முறை அப்பா என்று கூப்பிட்டாள். பிறகு என்னிடம் வந்தாள்.

“பெரியப்பா, அப்பாவுக்கு என்மேல கோவமா?”

“ஏன்டா கண்ணு?”

“கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கறாரு.”

“அப்பா பாட்டு யோசிக்கிறாரு. தொந்தரவு பண்ணக் கூடாது.”

சமர்த்தாகத் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். அதன்பிறகு அவள் அவனைக் கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டாள். மெல்லிய குரல், மேடம், மேலே இருக்கும் குரல். அந்தச் சுரங்களெல்லாம்தான் முதலில் போகும். எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. அந்த வாரம் கூட்டலாமா வேண்டாமா என்று வெகுநேரம் யோசித்தேன். யோசித்துவிட்டு, ஒன்றரை கூட்டினேன்.

காது மருத்துவரிடம் அவனை அழைத்துப் போனதும் நான்தான். கண்ணாடி அறைக்குள் அவனை உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். நான் வெளியே மருத்துவருக்குப் பக்கத்தில் நின்றேன். திரையில் சுரம் போவது தெரியும். அவன் விரல் அசையாது. அடுத்த சுரம் போகும், விரல் அசையாது. பரீட்சை எழுதும் பிள்ளை மாதிரி முகத்தை அத்தனை கவனமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கீழ்ச்சுரங்கள் வந்ததும் டக் டக்கென்று அழுத்தினான். என் வரிசை, பேஸின் வரிசை. ஒன்றைக்கூட விடவில்லை. அப்போது எனக்கு உள்ளுக்குள் என்ன ஏற்பட்டது என்று நீங்கள் கேட்டால், சந்தோஷம் என்றுதான் எழுதவேண்டும்.

“மேடையில சத்தம் எவ்வளவு வைக்கறாங்க?” என்று மருத்துவர் கேட்டார்.

“ரொம்பக் கம்மிதான் டாக்டர். நானே கண்ணும் கருத்துமா பாத்துக்கறேன்” என்றேன்.

அடுத்த மாதம் சலவைக் கடை அறையில் தம்பி என் ஒலிபெருக்கிப் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான். “அண்ணே, இப்பல்லாம் உன் பேஸ் ஒண்ணுதான் தெளிவா கேக்குது. அந்த எட்டு பாரைத் திரும்பப் போட்டுக்கலாமா?” என்றான். வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். எட்டு பார் முழுதும் கேட்டான். முடிந்தபோது அவன் கன்னம் நனைந்திருந்தது. மத்தளம்கூட முதுகைச் சொறியாமல் உட்கார்ந்திருந்தான். இருபது மாதம் நான் பொறுமையாக உழைத்தது அந்தப் பதினாறு விநாடிக்காகத்தான். ஒரு மனிதனாவது பேஸைக் கேட்கவேண்டும். ஒரு கலைஞனுக்கு அது நியாயமான ஆசை என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாட்டிக்கொண்டது என் ஒழுங்கினால். மருத்துவர் சந்தேகப்பட்டு, காதில் மாட்டும் கருவியையும் டேப்லெட்டையும் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். தம்பி மனைவி எடுத்துப் போயிருக்கிறாள். ஒவ்வொரு வார அளவையும் நான் தேதி போட்டுத் தனித்தனியாகச் சேமித்து வைத்திருந்தேன். மத்தளமாக இருந்தால் ஒன்றின்மேல் ஒன்றாக அழித்து எழுதியிருப்பான். யாரும் எதையும் கண்டுபிடித்திருக்க முடியாது. மாணவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, பழைய அளவை அழிக்காதீர்கள் என்பது. குற்றம் செய்வதிலும் நான் பாடத்திட்டத்தைத் தாண்டவில்லை.

ஆகவே: என் தம்பியின் இரண்டு காதுகளையும் திட்டமிட்டு, தெரிந்தே, இருபது மாத காலத்தில் நான்தான் பழுதாக்கினேன். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. கித்தாரின் மேல்கம்பிகளை அவன் இனிக் கேட்கமாட்டான். குழந்தை குரலும் அப்படித்தான் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். என் வாக்குமூலம் இவ்வளவுதான்.

தம்பி வந்து என்னைப் பார்த்தானா என்று கேட்டீர்கள். நேற்று வந்தான். நீங்கள் அந்த நேரம் அறையில் இல்லை. அவன் திட்டவில்லை, அழவும் இல்லை. காது மந்தமானவர்கள் பேசுவதுபோல் உரக்கப் பேசினான். காவலர் இரண்டு முறை எட்டிப் பார்த்தார்.

“அந்த எட்டு பார் நல்லாவே இல்லண்ணே. அப்பவும் நல்லா இல்ல, இப்பவும் நல்லா இல்ல. எடுத்ததுலேருந்து உன் முகமே செத்துப்போச்சு. அதப் பாக்க முடியாமதான் திரும்பப் போடச் சொன்னேன்” என்றான்.

சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், ஏதாவது சொல்வேன் என்று. பிறகு போய்விட்டான்.

நான் அதைப் பொருட்படுத்தவில்லை, மேடம். காது கேட்காத ஒருவன் இசையைப் பற்றிச் சொல்லும் கருத்துக்கு என்ன மதிப்பு இருக்கமுடியும்?