சோழியை அறுத்துக் காட்டிய மருத்துவர் ஹென்னிங் வோல்ட்மான்

மேடையில் வீற்றிருக்கும் நம் கிளிஞ்சல் சேகரிப்போர் சங்கத் தலைவர் ஆலோசகர் ப்ரூன்ஸ் அவர்களே, போதகர் அவர்களே, ஹாம்பர்க் நகரத்துப் பெரியோர்களே, மருத்துவரின் வீட்டைப் பார்த்துக்கொண்டவரும் இப்போது கடைசி வரிசையில் நிற்பவருமான கெஷே அம்மா அவர்களே, வணக்கம்.

மருத்துவர் ஹென்னிங் வோல்ட்மான் போய்விட்டார். கிளிஞ்சல் என்றால் பேழையில் அடுக்கி அழகு பார்க்கும் பொருள் என்று நாமெல்லாம் நினைத்திருந்தோம். அதற்குள் ஓர் உயிர் இருந்தது, அது பிறந்து வளர்ந்தது என்று சொன்ன மனிதர் போய்விட்டார். நேற்று அவர் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்தவர்கள் எத்தனை பேர்? நான்கே பேர்! அதில் இருவர் குழி வெட்டுகிறவர்கள்.

ஏன் இப்படி ஆயிற்று? சொல்கிறேன்.

பதினோரு ஆண்டுகளுக்கு முன் இதே மண்டபத்தில் நம் தலைவர் தமது அரிய கிளிஞ்சலை, இதுவரை யாரும் அறியாத தனி இனம் என்று காட்டினார். மெல்லிய ஓடு, அகன்ற வாய். நாம் கைதட்டினோம். வோல்ட்மான் எழுந்தார்.

"இது தனி இனம் இல்லீங்க. சாதாரணச் சோழியோட குட்டி. வளர வளர உதடு உள்பக்கமா மடிஞ்சு பல்லு வைக்கும்."

"குட்டியா? அப்ப அதுக்குப் பால் குடுக்கிற தாய் எங்கய்யா, டாக்டர்?" என்றார் தலைவர். மண்டபமே சிரித்தது.

அவர் கோபப்படவில்லை. தம்மிடமிருந்த மிக அழகான சோழியைப் பையிலிருந்து எடுத்தார். எலும்பு அறுக்கும் ரம்பத்தால் எங்கள் கண்முன்னே அதை நெடுக அறுத்தார். தடித்த மேலோட்டுக்கு அடியில், தலைவரின் கிளிஞ்சலைப் போலவே ஒரு மெல்லிய சுருள்!

யார் பார்த்தார்கள்? பக்கத்தில் இருந்த நான் பார்த்தேன். செயலாளராகிய நான் குறிப்பேட்டில் என்ன எழுதினேன்? "விவாதம் நடந்தது" என்று எழுதினேன்!

அதன்பின் யாரும் அவருக்கு ஒரு கிளிஞ்சலைக்கூட இரவல் தரவில்லை. வியாழக்கிழமை மாலையில் அவர் வீட்டுக்குக் காபிக்குப் போவோமே, அதுவும் நின்றது. கெஷே அம்மா நேற்று என்னிடம் சொன்னார்: "ஒரு வருஷம் முழுக்க ஆறு கோப்பை எடுத்து வைக்கச் சொன்னாருங்க. 'மழை கெஷே, அதான் யாரும் வரல'ம்பாரு. வெளியில வெயில் அடிக்கும்."

சென்ற பிப்ரவரியில் மீன் சந்தையில் எதிரே வந்தார். கையில் உப்புநீர் ஜாடி. நான் ஒதுங்கப் பார்த்தேன்.

"ஓடாதீங்க செயலாளரே! நானும் கடிக்க மாட்டேன், இந்த நத்தையும் கடிக்காது. பாருங்க, முட்டை வெச்சிருக்கு!"

பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார். "அன்னைக்கு உள்ள இருந்த சுருளை நீங்க பார்த்தீங்கதானே?"

"அவசரமா போறேன், டாக்டர்."

"சரி சரி, போயிட்டு வாங்க. குளிருது."

நண்பர்களே! அவர் பட்டம் கேட்டாரா? பதக்கம் கேட்டாரா? பார்த்தேன் என்ற ஒரு சொல்லைக் கேட்டார். அதைச் சொல்ல எனக்குப் பதினோரு ஆண்டுகள் போதவில்லை.

மருத்துவர் அவர்களே, பார்த்தேன். நீங்கள் சொன்னது சரி.

அவர் வரைந்த இருநூற்றுச் சொச்சம் படங்கள் கெஷே அம்மாவிடம் இருக்கின்றன. சங்கம் அச்சிடாவிட்டால் நான் அச்சிடுவேன். பிஞ்சு முதல் முதிர்ந்தது வரை வரிசைப்படுத்த அவர் தொடங்கிய வேலையை, தெரிந்த அளவுக்கு நான் தொடர்வேன். முதல் திருத்தத்தை, அதோ அந்தப் பேழையில் தலைவரின் கிளிஞ்சலுக்கு அடியில் இருக்கும் பெயர்ச்சீட்டில், இன்றே இவர்கள் எல்லோரும் பார்க்கச் செய்ய விரும்புகிறேன்.

தலைவர் அவர்களே, அவர் உங்களுக்கும் நண்பராக இருந்தவர்தான். பேழையின் சாவியைத் தாருங்கள்.