முதலில் டானிக், பிறகு மாத்திரை

கீதாம்மா, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் புது மூடி போட்டாகிவிட்டது. போன மழையில் இலை விழுந்து தண்ணீர் நாறியதே, இனி அந்தத் தொல்லை இல்லை. உன் அம்மா சௌக்கியம். இரண்டு வேளையும் சாப்பிடுகிறார்.

நீ போனில் கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். "அம்மா உங்க பேச்சைத்தான் கேக்கறாங்க சார். எங்ககூட வந்து இருக்கச் சொல்லி நீங்களாச்சும் சொல்லுங்களேன்" என்றாய். அவர் ஏன் வர மறுக்கிறார் என்பதை முதலில் நீ தெரிந்துகொள்ள வேண்டும். அது உங்கள் நாய் மேஜருக்கு வந்த படர்தாமரையில் தொடங்குகிறது.

2006 ஆகஸ்ட். மேஜரின் காதோரம் முடி கொட்டி, எட்டணா அளவுக்கு வட்டம் விழுந்தது. பிறகு முதுகில், தொடையில். உனக்கு அப்போது ஐந்தாம் மாதம். கேம்ப் ரோட்டில் கால்நடை மருத்துவர் எட்மண்டிடம் நானும் உன் அம்மாவும் ஆட்டோவில் கொண்டுபோனோம். பூஞ்சைத் தொற்று, மனிதருக்கும் ஒட்டும், கர்ப்பிணியும் கைக்குழந்தையும் கிட்டே வர வேண்டாம் என்றார். மாத்திரை எழுதினார். என்னிடம் தனியாக ஒன்று சொன்னார்.

"சார், இந்த டேப்லெட்டுக்கு வயித்துல ஆசிட் வேணும். வாந்தி எடுத்தா சோத்துக்கு நடுவுல வெச்சுக் குடுங்க. வீட்ல இருக்கிற வயித்தெரிச்சல் டானிக்கெல்லாம் ஊத்திடாதீங்க. டேப்லெட் அப்படியே வேஸ்ட்டாப் போயிடும்."

இதையே சீட்டிலும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தார். உன் அம்மாவுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஏழு வருஷமாக அந்த வீட்டுக்கு வரும் ஆங்கிலத்தை எல்லாம் மாடியில் குடியிருக்கும் நான்தான் வாசித்துச் சொல்கிறேன். செய்யாறு பள்ளியில் எங்களுக்குக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்த விதம் அப்படி. எதையும் வரிசையாக, வாசிப்பவருக்குச் சந்தேகம் வராதபடி எழுதிவிடுவேன். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் வேளைகளை எளிதாக எழுதி அடுப்படியில் மாட்டினேன். காலை சோறு, சோற்றுக்குள் மாத்திரை. அவ்வளவுதான்.

பதினைந்து நாளில் அரிப்பு நின்றது. காதோரம் பூனைமுடி போல முளைத்தது. உன் அம்மா அதை உனக்குப் போனில் சொன்னபோது நான் கூடத்தில்தான் இருந்தேன். நீ சொன்ன ஏற்பாட்டையும் அவர் அங்கேயே எனக்குச் சொன்னார். நாய்க்குக் குணமானதும் நீ பிரசவத்துக்குச் சேலையூர் வருவாய். குழந்தைக்கு மூன்று மாதம் ஆனதும் அவரையும் நாயையும் மறைமலை நகருக்கே கூட்டிப்போய்விடுவாய். கீழ்வீட்டை வாடகைக்கு விடுவீர்கள்.

"பேரன் பொறந்துட்டா எனக்கு எங்க சார் நேரம்? உங்களுக்குக் காப்பிக்குத்தான் கஷ்டம்" என்று சிரித்தார்.

நான் காபிக்காக எதையும் செய்கிறவன் இல்லை. உன் வீட்டில் அவருக்காகக் காத்திருந்தது என்ன என்று யோசித்தேன். குழந்தைத் துணி, தீனா மாப்பிள்ளையின் டிபன் கேரியர், தெரியாத தெரு. இந்த வயதில் அது தேவையா என்று யாரும் அவரிடம் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை என்பது உண்மைதான்.

மறுநாள் அட்டையில் எண்ணெய்க்கறை பட்டிருக்கிறது என்று சொல்லி வேறு அட்டை எழுதினேன். அதில் ஒரு வரி கூடுதல். காலை ஏழு மணிக்கு, வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ரோஸ் டானிக் ஒரு மூடி. ஏழே காலுக்குச் சோறும் மாத்திரையும். வயிறு புண்ணாகாமல் இருக்க என்றேன். உன் அம்மா கடிகாரத்தைப் பார்த்து ஊற்றுவார். ஒரு நாளும் தவறியதில்லை. நான் அந்த நாய்க்கு என் கையால் எதுவும் கொடுத்ததில்லை.

முடி மறுபடி கொட்டியது. டாக்டர் எட்மண்டுக்கு முதலிலேயே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். "டேப்லெட் நெஜமாவே உள்ள போகுதா? வேற எதாச்சும் சேத்துக் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். அடுத்த தடவை நான் மட்டும் போய்ப் பழைய அட்டையைக் காட்டினேன். கறையைத் துடைத்து வைத்திருந்தேன். பார்த்துவிட்டு, "எல்லாரும் இப்படி எழுதி வெச்சா எனக்கு வேலையே இல்ல சார்" என்றார். தினம் ஒன்றாக இருந்த மாத்திரையை இரண்டாக்கினார்.

மருந்துக்கடை கிபாயத்துல்லா பாய்க்கு வேறு சந்தேகம்.

"இன்னா சார், போன வாரம்தான ஒரு பாட்டில் வாங்கினு போனீங்க? யாருக்கு இவ்ளோ எரிச்சல்? வூட்டுக்காரம்மாவுக்கா, உங்களுக்கா?"

"எனக்குத்தான் பாய்."

"மொளகாவக் கொறைங்க சார். இத்தக் குடிச்சே வவுறு ரோஸாயிடப் போவுது."

அதன்பிறகு அவர் கடையில் வாங்குவதை விட்டுவிட்டு, டானிக்குக்காக மட்டும் கிழக்கு தாம்பரம் ஸ்டேஷன் பக்கம் போய்வந்தேன்.

உன் வளைகாப்பு மறைமலை நகரில் நடந்தது. உன் அம்மா கையில் ஒரு சின்ன வட்டம் வந்திருந்ததால் உனக்கு வளையல் போடாமல் தள்ளி நின்று பார்த்துவிட்டு வந்தார். டிசம்பரில் தலைப்பிரசவமும் அங்கேயே ஆயிற்று. அதற்கு முன் நீங்கள் வந்து உள்ளே நுழையாமல் திரும்பிய அன்று மாப்பிள்ளை வாசலில் நின்று, "மாடிக்காரர் நம்ம நாய் மேல எதுக்கு இவ்ளோ அக்கறையா இருக்காரு?" என்று உன்னிடம் கேட்டது படிக்கட்டில் இருந்த எனக்குக் காதில் விழுந்தது. நீ, "சும்மா இருங்க, அவர் இல்லன்னா அம்மா தனியா என்ன பண்ணும்?" என்றாய். உன் நியாயபுத்தியை அன்று மெச்சிக்கொண்டேன்.

தை மாதம் தங்கை மகள் கல்யாணத்துக்குச் செய்யாறு போனவன், பதினெட்டு நாள் தங்கும்படி ஆயிற்று. போன நாலாம் நாளே டானிக் தீர்ந்திருக்கிறது. உன் அம்மா, சார் வந்து வாங்கட்டும் என்று இருந்துவிட்டார். மாத்திரையை மட்டும் கொடுத்தார், இரண்டு இரண்டாக. இத்தனை மாதம் வீணான மருந்து முழுசாக உடம்பில் ஏற ஆரம்பித்தது. முதலில் முடி முளைத்ததாம். தெருவில் எல்லோருக்கும் காட்டினாராம். பிறகு மேஜர் சோற்றை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்தது. நான் திரும்பி வந்தபோது கண் மஞ்சளாகியிருந்தது. இரண்டாம் நாள் டாக்டரிடம் கொண்டுபோன இடத்திலேயே செத்தது.

டாக்டர் என்னை வெளியே அழைத்து, "ஈரல் போயிடுச்சு. இந்த மருந்து சிலதுக்கு அப்படிப் பண்ணும். ஆனா அஞ்சு மாசமா ஒண்ணும் ஆகாம இப்ப எப்படி சார்? நடுவுல எதாச்சும் மாத்தினீங்களா?" என்றார். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இல்லை என்றேன். எண்ணிப் பார்த்தால் இந்த விஷயத்தில் நான் வாயால் சொன்ன பொய் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஆட்டோவில் உன் அம்மா அழவில்லை. வீட்டுக்கு வந்து அடுப்படியில் அட்டையின் முன்னால் நின்றார்.

"நீங்க எழுதி வெச்சத நான் மாத்திட்டேன் சார். டானிக் ஊத்தாம வெறும் மாத்திரையக் குடுத்தேன். நான்தான கொன்னுட்டேன்?"

"எழுதின மாதிரி குடுத்திருந்தா உயிரோட இருந்திருக்கும்மா" என்றேன். அதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை, நீயே யோசித்துப் பார்.

அன்றிலிருந்துதான் இப்படி. உன்னிடம் போனில், "ஒரு வாயில்லா ஜீவனப் பாத்துக்கத் தெரியல. பச்சக் கொழந்தைய எங்கிட்ட குடுத்துடாதடி" என்று சொன்னது நினைவிருக்கும். நீ மகனைக் கொண்டுவந்து நீட்டியபோது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். உனக்கு அது கோபமாகப் பட்டது. கோபம் இல்லை, பயம்.

என்னோடு மட்டும் பேசுகிறார். நாலு மணிக்குக் கீழே இறங்கிப் போனால் எதிரில் உட்காருகிறார். அவரைத் தனியாக விட எனக்கு மனம் வரவில்லை.

அவர் குற்றம் செய்யவில்லை, நான்தான் செய்தேன் என்பதை இத்துடன் எழுதிக்கொடுத்துவிட்டேன். இதை அவருக்கு வாசித்துக் காட்டினால் அன்றே உன்னுடன் கிளம்பிவிடுவார். ஆனால் அவருக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறது, திடீரென்று தாங்கமாட்டார். கொஞ்சம் தேறட்டும், தபாலில் சேர்த்துவிடுகிறேன். நீ முதல் தடவை கேட்ட மறுநாளே எழுதிவிட்டேன். அடித்தல் திருத்தல் இருந்ததால் வேறு தாளில் எழுத வேண்டியதாயிற்று. இது மூன்றாவது நகல். முதல் நகலில் உன் மகனுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று விசாரித்திருந்தேன். இப்போது சுவரைப் பிடிக்காமலே நடக்கிறானாம்.